ஹாங்சோவும் மேற்கு ஏரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தமாகவோ சுற்றுலாவாகவோ ஷாங்காய் வரை செல்லும் உறவினர்களும் நண்பர்களும், பக்கத்திலிருக்கும் ஹாங்சோவைப் பற்றி என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால், அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

ஹாங்சோ எங்கே இருக்கிறது? அந்த ஊரில் அப்படி என்ன விசேஷம்?

சீனாவின் கிழக்குக் கரையோர மாகாணமான ஜெஜியாங்கின் தலைநகரம் ஹாங்சோ. ஷாங்காய்க்குத் தென்மேற்கே, அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. பெய்ஜிங்கிலிருந்து தெற்கே வரும் பெருங்கால்வாய் இந்த ஊரில்தான் முடிகிறது. 1138 முதல், மங்கோலியரிடம் வீழ்ந்த 1276 வரை, லின்ஆன் என்ற பெயரில் தெற்கு சோங் பேரரசின் தலைநகராக இருந்தது. மார்கோ போலோ கின்சாய் என்று குறிப்பிட்டு வியந்த நகரம் இதுவே.

ஊரின் மேற்கு ஓரத்தில் சுமார் ஆறரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் சீ ஹூ, அதாவது மேற்கு ஏரி, விரிந்திருக்கிறது. 'மூன்று பக்கம் மேகம் தவழும் மலை, ஒரு பக்கம் நகரம்' என்பது உள்ளூரில் வழங்கும் சொல். ஏரிக்கு அதைவிடச் சுருக்கமான வரைபடம் கிடையாது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2011இல் இந்த ஏரியும், 2014இல் பெருங்கால்வாயும், 2019இல் நகரின் வடமேற்கே உள்ள லியாங்ஜூ தொல்நகரமும் இடம்பெற்றன.

விசா இல்லாமல் போக முடியுமா?

அது உங்கள் கடவுச்சீட்டைப் பொறுத்தது. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசா கட்டாயம். இந்தியர்களுக்கான சுற்றுலா விசா சில ஆண்டு இடைவெளிக்குப் பின் 2025 ஜூலையிலிருந்து மீண்டும் வழங்கப்படுகிறது. அதே ஆண்டு அக்டோபரில் நேரடி விமானங்களும் தொடங்கின. 'வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குபவர்களுக்குப் பத்து நாள் விசா விலக்கு' என்று காணொளிகளில் சொல்லப்படும் சலுகைக்கான நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

மார்ச் கடைசி முதல் ஏப்ரல் இறுதி வரையிலான வசந்தமும், அக்டோபர் இரண்டாம் வாரம் முதல் நவம்பர் வரையிலான இலையுதிர் காலமும் மிக நல்லவை. இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஊரின் மலரான குய்ஹுவா பூத்துவிடும். மஞ்சள் நிறத்தில் மிளகளவே இருக்கும் அந்தப் பூ கண்ணுக்குப் புலப்படுவதற்கு முன்பே மணம் தெருவுக்கு வந்துவிடுகிறது. ஜூன் நடுவிலிருந்து சில வாரங்களுக்கு விடாத தூறல். ஜூலை, ஆகஸ்டில் தாமரை பூக்கும். ஆனால் அந்தப் புழுக்கம் சென்னைக்காரர்களையே திணறடிக்கும்.

எந்தக் காரணத்துக்காகவும் அக்டோபர் முதல் வாரத்திலும் மே மாத முதல் ஐந்து நாட்களிலும் போகாதீர்கள். அவை சீன நாடு முழுவதற்கும் விடுமுறை நாட்கள். ஏரிக்கரையில் 'உடைந்த பாலம்' என்ற பெயருள்ள பாலத்தின் மீது அப்போது நடக்க வேண்டியதே இல்லை. கூட்டமே நம்மைக் கொண்டுபோய் மறுகரையில் விட்டுவிடும்.

ஷாங்காயிலிருந்து காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாமா?

முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷாங்காயின் ஹோங்சியாவ் நிலையத்திலிருந்து ஹாங்சோ கிழக்கு நிலையத்துக்கு ரயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கடவுச்சீட்டுதான் பயணச்சீட்டு என்பதால் அதன் அசல் கையில் இருக்க வேண்டும். ஆனால் ஒரே நாளில் திரும்புபவர்கள் ஏரியை உச்சிவெயிலில்தான் பார்க்கிறார்கள், அது ஏரி மிகச் சாதாரணமாகத் தெரியும் நேரம். இரண்டு இரவுகள் தங்கினால் ஏரிக்கு ஒரு நாள், லிங்யின் என்ற பௌத்த ஆலயத்துக்கும் தேயிலைக் கிராமத்துக்கும் ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். மூன்றாவது இரவு கிடைத்தால் அதைக் கால்வாய்க் கரைக்குக் கொடுங்கள். அங்கே கொங்சென் என்ற பழைய கற்பாலத்தின் அடியில் சரக்குப் படகுகள் இன்றும் நுழைந்து செல்கின்றன.

ஏரிக்கு நுழைவுக் கட்டணம் உண்டா? எங்கிருந்து நடக்கத் தொடங்குவது?

கட்டணம் இல்லை. 2002இலிருந்து நகர நிர்வாகம் கரையோரப் பூங்காக்களின் வேலிகளை அகற்றி, எல்லோரும் இலவசமாக உள்ளே செல்ல வழி செய்தது. ஏரிக்குள் இருக்கும் தீவுக்கான படகு, லெய்ஃபெங் கோபுரம் போன்றவற்றுக்கு மட்டும் தனிச் சீட்டு வாங்க வேண்டும்.

மெட்ரோவின் முதல் தடத்தில் லோங்சியாங்சியாவ் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் ஏரியின் கிழக்குக் கரை. அங்கிருந்து நீர் இடக்கைப் பக்கம் இருக்குமாறு வடக்கே நடந்தால் உடைந்த பாலம், அதைத் தொடர்ந்து பை கரை, பிறகு குஷான் தீவு, அதைத் தாண்டினால் சூ கரை. சூ கரை மட்டுமே 2.8 கிலோமீட்டர். ஏரியை முழுதாகச் சுற்றினால் 15 கிலோமீட்டர் வரும் என்பதால் பாதியில் படகேறிவிடுவது அறிவுடைமை.

பணத்தாள் வாங்குவதில்லையாமே? நம் கைப்பேசி அங்கே வேலை செய்யுமா?

பணத்தாளைச் சட்டப்படி மறுக்க முடியாது. ஆனால் சில்லறை தேடிக் கடைக்காரர் படும் பாட்டைப் பார்த்தால் நமக்கே சங்கடமாக இருக்கும். கைப்பேசியில் பணம் செலுத்தும் அலிபே செயலி பிறந்த ஊர் இது. புறப்படுமுன்பே அந்தச் செயலியில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள். ரூபே அட்டையை நம்பிப் போக வேண்டாம்.

வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் ஆகியவை சீன இணையத்தில் திறக்காது. சொந்த நாட்டு சிம் அட்டையிலேயே ரோமிங் வசதியுடன் சென்றால் பெரும்பாலும் அவை வேலை செய்யும். வழி காட்டுவதற்கு கூகுள் வரைபடத்தை நம்பாமல் அங்குள்ள ஆமேப் செயலியைப் பயன்படுத்துங்கள்.

போய்ப் பார்த்தேன். வெறும் ஏரிதானே? இதற்கா இவ்வளவு பேச்சு?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அநேகமாக ஒரே நாளில் திரும்பியவர்கள். அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. சராசரி ஆழம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், அலையில்லாத நீர், உயரமில்லாத மலைகள்: இயற்கையின் பிரமாண்டம் என்று காட்ட இங்கே எதுவும் இல்லை. ஏனென்றால் இது மனிதர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தூர்வாரித் தூர்வாரி உருவாக்கிய ஏரி. 822இல் ஆளுநராக வந்த கவிஞர் பை ஜூயி, பாசனத்துக்காக இதன் நீரை அணைகட்டி முறைப்படுத்தினார். 1089இல் வந்த இன்னொரு கவிஞர் சூ தோங்போ, பாசியும் களையும் மண்டிப் பாதி மூடிக் கிடந்த ஏரியைத் தூர்வாரினார். அள்ளிய சேற்றைக் கொட்டுவதற்கு இடமில்லாமல் ஏரிக்குக் குறுக்கே தெற்கு வடக்காகக் குவித்ததில் பிறந்ததுதான் ஆறு பாலங்கள் கொண்ட சூ கரை. நாம் நடப்பது ஏரியின் வண்டல் மீது.

தூர்ந்த இடத்தில் மீண்டும் பயிர் வைத்துவிடாமலிருக்க அவர் எல்லைக்கல்லாக மூன்று சிறு கோபுரங்களை நீருக்குள் நிறுத்தினார். இன்று நிற்பவை பிற்கால மிங் பேரரசின் காலத்தில் புதிதாக வைக்கப்பட்டவை. ஒரு யுவான் தாளின் பின்பக்கத்தில் இருப்பது அந்தக் காட்சிதான். தீவுக்குப் போகும்போது ஒரு தாளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு கோபுரத்தின் வயிற்றிலும் ஐந்து வட்டத் துளைகள். நிலா நாளில் உள்ளே விளக்கேற்றித் துளைகளை மெல்லிய தாளால் மூடினால், நீரில் பல நிலவுகள் மிதக்கும்.

அடுத்தது, பெயர்களின் சங்கதி. தெற்கு சோங் காலத்திலிருந்து 'ஏரியின் பத்துக் காட்சிகள்' என்று ஒரு பட்டியல் உண்டு: சூ கரையில் வசந்த விடியல், உடைந்த பாலத்தில் எஞ்சிய பனி, அமைதியான ஏரி மேல் இலையுதிர் நிலா, நான்பிங் மலையின் மாலை மணி என்று அது நீளும். பின்னாளில் காங்ஷி பேரரசர் இவற்றின் பெயர்களைத் தன் கையால் எழுதித் தர, அவை கற்களில் பொறிக்கப்பட்டன. இடத்தோடு பருவமோ வேளையோ சேர்ந்தே காட்சியாகிறது என்பதைக் கவனியுங்கள். நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று படித்த நமக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. ஆகையால் விடியற்காலை ஆறு மணிக்கு ஒருமுறையும் அந்தி சாயும்போது ஒருமுறையும் கரைக்குப் போய்ப் பாருங்கள்.

விடியலில் இன்னொன்றும் கிடைக்கும். முதியவர்கள் நீண்ட கம்பின் நுனியில் பஞ்சுத் தூரிகை கட்டி, வாளித் தண்ணீரில் தோய்த்துக் கல் தரையில் பழங்கவிதைகளை எழுதுவார்கள். நான் நின்று பார்த்த ஒருவர் நான்காவது வரியை முடிப்பதற்குள் முதல் வரி காய்ந்து மறைந்துவிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஐந்தாவது வரிக்குப் போனார்.

லெய்ஃபெங் கோபுரத்துக்குள் எஸ்கலேட்டர் இருக்கிறதாமே? அப்படியானால் அது போலிதானே?

இன்று நிற்பது 2002இல் திறக்கப்பட்ட புதிய கட்டடம். எஸ்கலேட்டரும் மின்தூக்கியும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட வூயுவே நாட்டு அரசர் சியென் சூ கட்டிய அசல் கோபுரம் 1924 செப்டம்பர் 25 அன்று சரிந்து விழுந்தது. அதன் செங்கல்லுக்கு மங்கலச் சக்தி உண்டென்று நம்பிய மக்கள் அடித்தளத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கிக்கொண்டு போனதும் அதற்கு ஒரு காரணம். இடிந்தபோது சில செங்கற்களின் துளைகளில் அச்சிட்ட பௌத்த மந்திரச் சுருள்கள் சிக்கின. புதிய கோபுரத்தின் கீழ்த்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பழைய செங்கல் மேடு அப்படியே இருக்கிறது. எல்லோரும் மேலே ஓடுகிறார்கள். நீங்கள் முதலில் கீழே பாருங்கள்.

வெள்ளைப் பாம்பின் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பெண்ணுருவெடுத்த வெள்ளைப் பாம்பு உடைந்த பாலத்தருகே ஓர் இளைஞனைச் சந்தித்து மணம் புரிகிறாள். ஃபாஹாய் என்ற துறவி அவளைப் பிடித்து இந்தக் கோபுரத்தின் அடியில் சிறைவைக்கிறார். நாகக்கன்னிக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. உடைந்த பாலம் உடைந்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளைவின் உச்சியில் பனி முதலில் உருகிவிட, தூரத்திலிருந்து பார்க்கும்போது நடுவில் அறுந்தாற்போல் தெரியும் என்பது பெயருக்குச் சொல்லப்படும் ஒரு காரணம்.

லிங்யின் ஆலயத்தைக் கட்டியவர் இந்தியர் என்கிறார்களே, உண்மையா? தமிழ்த் தொடர்பு ஏதாவது உண்டா?

ஆலய மரபின்படி, நான்காம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த ஹுய்லி என்ற துறவியே இதை நிறுவினார். அங்கிருந்த குன்றைப் பார்த்து, 'இது எங்கள் நாட்டுக் கழுகுமலையின் ஒரு சிகரமல்லவா, எப்போது இங்கே பறந்து வந்தது?' என்று அவர் வியந்தாராம் (நம் ஊர்க் கழுகுமலை அல்ல, புத்தர் போதித்த ராஜகிருகத்துக் கிருத்ரகூடம்). அன்றுமுதல் அதற்குப் பறந்து வந்த மலை என்றே பெயர். சுற்றியுள்ள மலைகள் மணற்கல்லாக இருக்க, இது மட்டும் சுண்ணாம்புக்கல்; துறவியின் சந்தேகத்தில் நியாயம் இருந்திருக்கிறது. மலையின் குகைகளிலும் பாறை முகங்களிலும் பத்தாம் நூற்றாண்டு முதல் மங்கோலியர் ஆண்ட யுவான் மரபின் காலம் வரை செதுக்கிய புத்த உருவங்கள் நிறைந்திருக்கின்றன. தொந்தியும் சிரிப்புமாக அமர்ந்திருக்கும் மைத்ரேயரை யாரும் தவறவிடுவதில்லை. ஆனால் நுழைவுக்கருகே ஹுய்லியின் நினைவாக நிற்கும் சிறு கல் கோபுரத்தை நம்மவர்களும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் மூன்று கோயில்களின் பெயரான தியென்ஜூ, பழஞ்சீன மொழியில் இந்தியாவைக் குறிக்கும் சொல்.

தமிழ்த் தொடர்பு இந்த ஊரில் இல்லை. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் சிவன் கோயில் சிற்பங்களும் கிடைத்தது தெற்கே ஃபூஜியான் மாகாணத்துச் சுவான்சோ துறைமுகத்தில். இரண்டு ஊர்களையும் குழப்பிக்கொண்டு லிங்யினில் தமிழ் எழுத்தைத் தேடிய ஒருவரை எனக்குத் தெரியும்.

அசைவம் சாப்பிடுவோம். எதைச் சாப்பிட வேண்டும்? அந்தப் புகழ்பெற்ற மீன் நன்றாக இருக்குமா?

முதலில் தோங்போ பன்றியிறைச்சி. தூர்வாரிய சூ தோங்போவின் பெயர்தான். கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக உள்ள வயிற்றுப் பகுதியைச் சதுரமாக வெட்டி, ஷாவ்சிங் அரிசி மதுவும் சோயாவும் சர்க்கரையும் சேர்த்து, நீரைக் குறைத்து, மிதமான தீயில் மணிக்கணக்காக வேகவைக்கிறார்கள். குச்சி பட்டாலே பிளந்துகொள்ளும். ஒருவருக்கு ஒரு துண்டு போதும். லோங்ஜிங் தேயிலையுடன் வதக்கிய ஆற்று இறால் அதற்கு நேரெதிர்: மசாலாவே இல்லாத, வெளிறிய, மெல்லிய சுவை.

மேற்கு ஏரிப் புளிமீன் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன்: பலருக்குப் பிடிப்பதில்லை, சீனர்களே அதை வைத்துக் கேலி செய்கிறார்கள். புல்கெண்டை மீனை ஓரிரு நாள் நல்ல நீரில் பட்டினி போட்டுச் சேற்று வாடையைப் போக்கி, கொதிநீரில் சில நிமிடங்கள் வேகவைத்து, காடியும் சர்க்கரையும் இஞ்சியும் கலந்த கெட்டிக் குழம்பை மேலே ஊற்றுவது செய்முறை. பட்டினி போடும் பொறுமை சமையலறைக்கு இல்லாவிட்டால் சேற்று வாடை அப்படியே இருக்கும், முள்ளும் அதிகம். அதற்குப் பதிலாகச் சோங் அண்ணி மீன் சூப்பைக் கேளுங்கள். முள் நீக்கிய மீன், மூங்கில் குருத்து, காளான், சிறிது காடி. சோங் அரசின் முந்தைய தலைநகரமான கைஃபெங் வீழ்ந்தபோது வடக்கிலிருந்து ஓடிவந்து ஏரிக்கரையில் கடை போட்ட ஒரு பெண்ணின் கைப்பக்குவம் என்பது கதை. அரிசி விளையும் இந்த ஊரில் கோதுமை நூடுல்ஸுக்கு இத்தனை மதிப்பிருப்பதற்கும் அப்படி வடக்கிலிருந்து வந்த அகதிகளையே காரணமாகச் சொல்கிறார்கள். உப்பிட்ட கீரையும் மூங்கில் குருத்தும் பன்றியிறைச்சிச் சீவலும் போட்ட பியென்அர்ச்சுவான் நூடுல்ஸ் எந்தத் தெருவிலும் கிடைக்கும். என் கணக்கில் ஊரின் சிறந்த காலையுணவு அது.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க நேருமா?

நேராது. பௌத்த மடங்கள் நிறைந்த ஊர் என்பதால் சைவச் சமையல் இங்கே நெடுங்கால மரபு. 'சூ' என்ற எழுத்துள்ள பலகை சைவ உணவகத்தைக் குறிக்கும். பௌத்த சைவத்தில் வெங்காயம், பூண்டும் விலக்கு என்பது பலருக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரும். லிங்யின் வளாகத்தில் சைவ நூடுல்ஸ் கிடைக்கிறது. சோயாப்பால் ஏட்டை அடுக்கி மடித்துச் செய்யும் 'சைவ வாத்து' என்ற பண்டத்தின் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். தாமரைக் கிழங்கு மாவைக் கொதிநீரில் கரைத்துக் குய்ஹுவா பூவும் சர்க்கரையும் தூவித் தரும் கூழ், நம் கூவைக்கிழங்குக் கஞ்சிக்கு உறவு.

சாதாரணக் கடைகளில்தான் எச்சரிக்கை தேவை. கீரை வதக்கலில் சிப்பிச் சாறும், அடுக்கடுக்காக உதிரும் இனிப்புகளில் பன்றிக் கொழுப்பும் இருக்கலாம். இறைச்சி, மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு, சிப்பிச் சாறு வேண்டாம் என்று சீன எழுத்தில் எழுதிய அட்டையைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். காரத்துக்கு ஏங்குபவர்கள் ஊறுகாய்ப் பொட்டலம் கொண்டுபோவதில் தவறில்லை. இது இனிப்பு தூக்கலான சமையல்.

ஹலால் உணவு கிடைக்குமா?

கிடைக்கும். ஜோங்ஷான் சாலையில், சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்றான ஃபீனிக்ஸ் பள்ளிவாசல் இருக்கிறது. அதைத் தவிர நகரெங்கும் லான்ஜோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள் உண்டு. ஹலாலைக் குறிக்கும் 'சிங்ஜென்' என்ற சீன எழுத்துகள் பலகையில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லோங்ஜிங் தேயிலையை ஏமாறாமல் வாங்குவது எப்படி?

மெய்ஜியாவூ, லோங்ஜிங் ஆகிய கிராமங்களுக்குப் பேருந்திலேயே போகலாம். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்துதான் மிக விலை உயர்ந்தது. அந்த நாட்களில் வீட்டு வாசல்களில் சூடான இரும்புச் சட்டியில் வெறுங்கையால் இலையை அழுத்தி, புரட்டி, உதறி வறுப்பதைப் பார்க்கலாம். இலை தட்டையாவது அந்த அழுத்தத்தில்தான். வறுப்பவரின் உள்ளங்கை தடித்துப் பளபளப்பாக இருக்கும்.

'மேற்கு ஏரி லோங்ஜிங்' என்ற பெயர், ஏரியைச் சுற்றி வரையறுத்த பகுதியில் விளைவதற்கு மட்டுமே உரியது. பொட்டலத்தில் போலியைத் தடுக்கும் முத்திரை ஒட்டப்பட்டிருக்கும். நிலையத்தில் பேச்சுக் கொடுத்து 'என் மாமா தோட்டம்' என்று அழைத்துச் செல்பவருடன் போகாதீர்கள். நான் முதல்முறை அப்படிப் போய், பழைய இலையைப் புதுக் கொழுந்தின் விலைக்கு வாங்கி வந்தேன். கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் குடித்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். வறுத்த பயற்றின் வாசம் வர வேண்டும். பாலும் சர்க்கரையும் கேட்காதீர்கள். கொதிக்கும் நீரை ஊற்றினால் கசக்கும், 80 பாகை போதும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஏரிக்கரை சமதளம், சுற்றிவர மின்வண்டிகள் ஓடுகின்றன. மேலே சொன்ன லெய்ஃபெங்கின் எஸ்கலேட்டரைப் போலியென்று பழித்தவர்கள் அம்மாவுடன் போனால் வாழ்த்துவார்கள். சியென்தாங் ஆற்றங்கரையில் உள்ள லியுஹே கோபுரத்தைக் கீழிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; படிகள் செங்குத்தானவை. பொதுக் கழிப்பறைகள் ஏராளம், சுத்தமும் உண்டு, ஆனால் மெல்லிய தாளை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

யுயே ஃபெய் கோயிலில் மண்டியிட்டிருக்கும் சிலைகள் மேல் எல்லோரும் துப்புவார்களாமே? நாமும் செய்யலாமா?

செய்யக் கூடாது, தடை அறிவிப்பு இருக்கிறது. வடக்கிலிருந்து படையெடுத்த ஜின் அரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி யுயே ஃபெய், பொய்க் குற்றச்சாட்டில் 1142இல் கொல்லப்பட்டார். அதற்குக் காரணமான அமைச்சர் சின் ஹுய், அவர் மனைவி, உடந்தையான இருவர் ஆகிய நால்வரும் இரும்புச் சிலைகளாகத் தளபதியின் கல்லறையின் முன் மண்டியிட்டிருக்கிறார்கள். முன்பு துப்பியது உண்மைதான்.

கோபத்தைத் தீர்த்துக்கொள்ள உள்ளூரார் வேறு வழி வைத்திருக்கிறார்கள். எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சியை வெங்காயத்தாளுடன் மெல்லிய தோசை போன்ற ஏட்டில் சுருட்டி, சூடான கல்லில் வைத்து இரும்பால் அழுத்தி, இனிப்புக் குழம்பும் காரக் குழம்பும் தடவித் தருவார்கள். சோங்பாவ்ஹுய் என்று பெயர். அதிலுள்ள ஹுய், அந்த அமைச்சரின் பெயரேதான். ஹெஃபாங் தெருப் பக்கம் கிடைக்கும். கல்லில் அழுத்தும்போது எழும் 'சொய்ங்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்று வாங்குங்கள். ஆறினால் வார் போல ஆகிவிடும்.

சியென்தாங் நதியின் பெரிய அலையைப் பார்க்க வேண்டும். ஏரியிலிருந்தே தெரியுமா?

தெரியாது; ஏரி வேறு, நதி வேறு. புனல் போலக் குறுகும் ஹாங்சோ வளைகுடாவில் கடல் ஓதம் நெருக்கப்பட்டு, நதியில் எதிர்த்திசையில் சுவராக ஏறிவருவதே அந்த அலை. அதை அடக்குவதற்காகவே லியுஹே கோபுரத்தை முதன்முதலில் 970இல் கட்டினார்கள். சீனச் சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதம் 18ஆம் நாள் உச்சம். நம் கணக்கில் பெரும்பாலும் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும். கிழக்கே ஹைனிங் பகுதியில் உள்ள யென்குவான் ஊரில் அலை ஒரே வெள்ளைக் கோடாக வருவதைப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியுமுன்பே இரைச்சல் கேட்டுவிடும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மற்ற மாதங்களிலும் சிறிய அளவில் அலை வரும். அன்றன்றைய நேரத்தை விடுதியில் கேட்டால் சொல்வார்கள். கரைச்சுவரைத் தாண்டிப் படம் எடுக்க இறங்கியவர்களை அலை அடித்துச் சென்ற சம்பவங்கள் பல உண்டு. காவலர் ஊதல் ஊதினால் மொழி புரியவில்லை என்று நிற்காமல் உடனே பின்வாங்குங்கள்.